குடுவைச் செடிகளும் முரளியின் கிளாஸ் தண்ணீரும்

என் செல்லத் தடியன் முரளிக்கு,

அம்மா உனக்கென்று தினமும் சாயங்காலம் விளக்கு முன்னால் வைக்கிற தண்ணீரை ஐந்து மாதமாக நான்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன். கதை கொஞ்சம் நீளம். அதில் உன் செடிகள் வருகின்றன, காற்றை ஈரமாக்குகிற நான்கு ஹியூமிடிஃபையர்கள் வருகின்றன, கிள்ளான் சித்தியின் பன்னீர் பாட்டிலும் வருகிறது.

அடுத்த வாரம் உனக்கு ஆண்டுத் திதி. பத்திரிகையில் படம் போட்டு நான்கு வரி எழுதலாம் என்று மாமா சொன்னார். நான்கு வரியில் உன்னைப் பற்றி என்ன எழுதுவது? அன்பும் பண்பும் நிறைந்தவர் என்றா? நான் இஸ்திரி போட்டு வைத்த சட்டை மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்தவன் நீ. அதனால்தான் இந்தக் கடிதம். உன் செடிக் குழுவில் இருக்கிறவர்களும் படிக்கட்டும். கடைசியில் எந்த மெஷின் வாங்கினீர்கள் என்று அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ என் தம்பி. ஏர்கோன் மாட்டுவதும் கழுவுவதும் உன் தொழில். பிரிக்பீல்ட்ஸில் பதினோராவது மாடியில் அம்மா, நீ, நான் என்று மூன்று பேர் இருந்தோம். உன் அறையில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள், அத்தனையும் குடுவைச் செடிகள். இலை நுனியிலிருந்து ஒரு கொடி நீளும், அதன் முனையில் மூடி போட்ட ஒரு குடுவை தொங்கும், உள்ளே தண்ணீர் இருக்கும். எறும்போ ஈயோ விளிம்பில் வழுக்கி விழுந்தால் அதோடு சரி. மலாய்க்காரர்கள் பெரியுக் கெரா என்பார்கள், குரங்கின் பானை. நான் 'உன் சட்டிப்பானை' என்பேன். அதில் தடித்த வயிறும் சிவந்த உதடுமாக இருந்த ஒன்றுக்குத் தொப்பையன் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

"ஜெஞ்சாரோம் பக்கம் சதுப்பு ஓரத்துல இது சும்மா முளைச்சுக் கிடக்குதே, இதுக்குப் போயி ஏன்டா ஏர்கோன்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அக்கா, அது கீழ இருக்கிறவன். எங்க போட்டாலும் பொழைச்சுக்குவான். இவங்கல்லாம் மலைக்காரங்க. ராத்திரியில குளிரணும், ஆனா காத்து ஈரமாவும் இருக்கணும். ஏர்கோன் போட்டா குளுரும், ஆனா காத்துல உள்ள ஈரத்த அது உறிஞ்சிடும் லா. அதுக்குத்தான் இந்த மெஷின்" என்றாய். அதற்குப் பிறகும் என்னமோ சொன்னாய். நான் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். மீதியை எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஊர் முழுக்க ஏர்கோன் மாட்டியவன், தன் அறை ஏர்கோனைச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் ஃபேனுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தாய். ரிமோட்டில் டேப் ஒட்டி, 'ராத்திரி 18. தொடாதே. சரசு, உன்னைத்தான்' என்று எழுதி வைத்தாய். அந்த டேப் இன்னும் இருக்கிறது, எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கிவிட்டது.

அன்றைக்கு ஜெஞ்சாரோமில் ஒரு வீட்டில் வேலை. ஏணியிலிருந்து இறங்கி, நெஞ்சு என்னமோ பண்ணுது என்று ரவியிடம் சொல்லிவிட்டு லோரிப் படியில் உட்கார்ந்தாயாம். உன்னோடு பத்து வருஷம் வேலை செய்த ரவி தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது. மறுபடியும் எழுதிப் பார்க்கிறேன், அப்போதும் முப்பத்தெட்டுதான் வருகிறது.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். உன் படத்தை உன் அறையில் வைத்து, முன்னால் விளக்கு ஏற்றி, நீ தண்ணீர் குடிக்கிற சிவப்புக் கோடு போட்ட கிளாஸில் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைத்தார் அம்மா. பதினாறு நாள் அந்த விளக்கு அணையக் கூடாது. ஏர்கோன் காற்றில் சுடர் ஆடியது. நான் போய் ரிமோட்டை எடுத்து ஏர்கோனை அணைத்தேன். உன் டேப் என் கட்டை விரலுக்கு அடியிலேயே இருந்தது முரளி. படித்தேன், படித்துவிட்டுத்தான் அணைத்தேன். தம்பியே இல்லை, இனி செடி ஒரு கேடா என்று அந்த நேரத்தில் தோன்றியது.

கிள்ளானிலிருந்து வந்த சித்திக்கு உன் ஹியூமிடிஃபையர் ரொம்பப் பிடித்துவிட்டது. "சாம்பிராணிப் புகை மாதிரியே வருதே சரசு, ஆனா கண்ணு எரியலையே" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பிள்ளை அறை மணக்கட்டும் என்று தொட்டியில் அரை பாட்டில் பன்னீரை ஊற்றிவிட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மூச்சை இழுத்து, "நல்ல மணம்" என்றார்கள். மூன்றாம் நாள் மெஷின் களுக் என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. உள்ளே புகை கிளப்புகிற சின்ன வட்டத் தகட்டில் பிசுக்குப் படிந்து போயிற்று என்று ரவி பிறகு சொன்னான். சித்தியை நான் தடுக்கவில்லை. யாரும் எதையும் தடுக்கிற நிலையில் இல்லை.

மேற்கு வெயில் விழும் அறை, ஜன்னல் சாத்தி, இரவும் பகலும் விளக்கு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகுதான் செடிகள் பக்கம் திரும்பினேன். குடுவைகள் காய்ந்து பழைய வாழைப்பூ மடல் நிறத்தில் தொங்கின. ஒரு மாதத்துக்குள் ஐந்து செடிகள் போய்விட்டன. நான்குதான் மிச்சம். அந்தப் பதினாறாம் நாள் தொப்பையனுக்கு இரண்டு பச்சை இலை மட்டும் இருந்தது. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அழுதேன். உன்னை வைத்த பெட்டி வீட்டை விட்டுப் போனபோது அழாதவள், இரண்டு இலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு ஒன்று வாங்கி வந்தேன். ஏர்கோன் காற்று பட்டாலும் சுடர் ஆடவில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற சாமான். பதினாறு நாள் முன்னால் அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? ரிமோட்டை எடுத்துப் பதினெட்டில் வைத்தேன். ஹியூமிடிஃபையர் இல்லை, வெறும் ஏர்கோன் மட்டும்.

மறுநாள் காலை அம்மா உன் அறையிலிருந்து கூப்பிட்டார். குரலைக் கேட்டு ஓடினேன். கிளாஸைக் காட்டினார். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது.

"தம்பி வந்துட்டுப் போயிருக்கான்டி. பாரு, குடிச்சிருக்கான்" என்றார் அம்மா.

சித்திக்கு உடனே போன் போனது. பிறகு மாமாவுக்கு. அன்று அம்மா இரண்டு தோசை சாப்பிட்டார். நீ போனதிலிருந்து அவர் இரண்டாவது தோசையைத் தொட்டதில்லை. தினமும் சாயங்காலம் கோடு வரைக்கும் ஊற்றுவார், காலையில் ஒரு நூல் குறைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கவே போவார்.

செடிகளுக்கோ அது கெட்ட காலம். இலை வந்தது, கொடி நீண்டது. முனையில் குடுவை வர வேண்டிய இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு தோன்றி, அப்படியே பழுப்பாகிக் கருகியது. நீ அலமாரியில் தொங்கவிட்ட ஈரம் காட்டும் மீட்டரைப் பார்த்தேன், நாற்பத்தெட்டு. உன் நோட்டில் 'எழுபத்தைந்துக்குக் கீழே போனால் குடுவை கட்டாது' என்று எழுதியிருந்தாய். சரி, மெஷின் வாங்கலாம் என்று கிளம்பினேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, வெளிய வந்து ரெண்டு நிமிஷம் நின்னா சட்டை நனையுது. கேஎல்-ல போயி யாராச்சும் ஈரத்த காசு குடுத்து வாங்குவாங்களா?" என்றார். ஏர்கோன் அறை, மலைச் செடி என்று நான் விளக்கினேன். நீ எனக்குச் சொன்னதையே சொன்னேன். அவரும் பாதியிலேயே கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் வாங்கியது இணையத்தில், கைக்கு அடக்கமாக, ஏழு நிறத்தில் வெளிச்சம் போடுகிற ஒன்று. அழகுக்குக் குறைவில்லை. மூன்று மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்துவிடும், மீட்டர் ஐம்பதைத் தாண்டாது. இப்போது அது சித்தி வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறது. அதிலும் பன்னீர்தான்.

அடுத்தது பெரிய தொட்டி உள்ளது. ஆனால் வாய் குறுகல், என் இரண்டு விரல்தான் நுழையும். பைப் தண்ணீரை ஊற்றி, புகை வரும் மூக்கை நேராகத் தொப்பையன் முகத்துக்கே திருப்பி வைத்தேன். தாகத்தில் இருக்கிறவன், நன்றாக வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் இலையெல்லாம் புள்ளி. இலை மேல், அலமாரி மேல், உன் படத்தின் கண்ணாடி மேல் என்று எங்கும் மாவு சலித்தது போல வெள்ளைப் பொடி. அம்மா தினமும் உன் முகத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப் போனார்.

ரவியைக் கூப்பிட்டேன். கிள்ளான் பக்கம் மேருவில் வேலை முடித்து நேராக வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் செருப்பு இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தான். அவன் எப்போதும் அப்படித்தான் செய்கிறான்.

"பைப் தண்ணியில இருக்கிற உப்பெல்லாம் புகையோட சேந்து வெளிய வருதுக்கா, அதான் பொடி. கீழ கடை வரிசையில தண்ணி மெஷின் இருக்குல்ல? அதுல வடிகட்டி உப்பு எடுத்த தண்ணி வரும். மினரல் பட்டனை அமுக்கிடாதீங்க, மத்தத அமுக்குங்க" என்றான்.

"ஏர்கோன் பைப்ல சொட்டுற தண்ணிய ஊத்துனா என்ன ரவி? அது சும்மாதானே போவுது?" என்று அம்மா கேட்டார்.

"ஐயோ வேணாம்மா. உப்பு இருக்காதுதான், ஆனா உள்ள இருக்கிற பாசி அழுக்கு எல்லாம் அதுல வரும். தெனம் கழுவுறவன் சொல்றேன்."

தண்ணீரே வெளியே தெறிக்காத இன்னொரு வகையும் கடையில் பார்த்தேன். உள்ளே நனைந்த திரை ஒன்று, அதன் வழியாக ஃபேன் காற்றை இழுக்கும். பொடி வராது, திரையை மட்டும் அடிக்கடி அலசி மாற்ற வேண்டும். நல்ல சாமான்தான். ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புகையே வரலையே, இது வேலை செய்யுதா தூங்குதா?" என்றார். கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆவி பறக்கிற சுடுதண்ணீர் வகை நமக்கு ஆகாது. குளிருக்காகப் போராடுகிற அறையில் யாராவது கெட்டில் வைப்பார்களா?

கடைசியில் வாங்கியது புகை வகைதான். ஆனால் இந்த முறை மூன்று விஷயம் பார்த்தேன். தொட்டிக்குள் என் முழுக் கையும் போக வேண்டும், தேய்த்துக் கழுவ. சாயங்காலம் ஏழிலிருந்து காலை ஏழு வரை ஒரு தொட்டி தாங்க வேண்டும். புகை மேலே பார்த்துப் போக வேண்டும், செடி மேல் படக் கூடாது. அலமாரியின் மேல் தட்டில் வைத்து, பக்கத்தில் உன் சின்ன ஃபேனை மெதுவாக ஓடவிட்டேன். மெஷின் தன் முகத்திலேயே ஒரு எண்ணைக் காட்டும், அதை நம்பாதே. தன் புகையிலேயே நனைந்துகொண்டு ஊரெல்லாம் ஈரம் என்று சொல்லும். உன் மீட்டரை இலைகளுக்கு நடுவில் தொங்கவிட்டேன். முதல் வாரத்திலேயே எண்பது காட்டியது. அடுத்த மாதம் தொப்பையன் கொடி முனையில் அந்த மிளகு முடிச்சு கருகவில்லை. அவரை விதை அளவுக்கு வளர்ந்தது. நான் கிளினிக்கில் பல் வலிக்காரர்களுக்கு நம்பர் கொடுத்துக்கொண்டே அதை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் வீட்டில் அம்மா சிரிக்கவில்லை.

மெஷின் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து கிளாஸில் தண்ணீர் இறங்கவில்லை. சிவப்புக் கோட்டிலேயே நின்றது. முதல் இரண்டு நாள் அம்மா பார்த்துவிட்டுப் பல் துலக்கப் போனார். மூன்றாம் நாள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உன் படத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வரலடி. மூணு நாளா வரல. செடியெல்லாம் சாக விட்டுட்டோம்னு கோவிச்சுக்கிட்டான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா சந்தோஷமாக இருந்த காலைகளில் மீட்டர் நாற்பத்தெட்டு, அழுகிற காலைகளில் எண்பது. காய்ந்த காற்று உன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்கிறது. நான் காற்றை நனைத்தேன், அது குடிப்பதை நிறுத்திவிட்டது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வாய்க்காரி என்று என்னைக் கேலி செய்வாயே, அந்த வாய்க்கு அன்று பூட்டு.

ஒரு இரவு மட்டும் மெஷினை ஓடவிடவில்லை. காலையில் ஒரு நூல் இறங்கியிருந்தது, அம்மா முகம் தெளிந்தது. ஆனால் பக்கத்துச் செடியில் பிஞ்சுக் குடுவை ஒன்று நுனி பழுத்துவிட்டது. உன் செடி பிழைக்க வேண்டுமென்றால் அம்மாவுக்கு நீ வரக் கூடாது. அம்மாவுக்கு நீ வர வேண்டுமென்றால் செடி சாக வேண்டும். இப்படி ஒரு கணக்கை யார் தலையிலாவது கட்டுவார்களா? அன்று ரயிலில், கிளினிக்குக்கு இறங்க வேண்டிய சுபாங் ஜெயாவைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, அம்மா எழுவதற்கு முன்னால், உன் அறைக்குள் போனேன். கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன், சின்ன வயதில் நீயும் நானும் பால் பவுடரைத் திருடித் தின்போமே, அந்த மாதிரி.

அம்மா எழுந்து போய்ப் பார்த்தார். கதவருகில் வந்து நின்று என்னைப் பார்த்தார். "வந்துட்டுப் போயிருக்கான்" என்றார். அவ்வளவுதான். சித்திக்குப் போன் போகவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் பாதி கிளாஸைக் குடித்துவிட்டேன். அம்மா, "இன்னைக்கு ரொம்பத் தாகம் போல. ஒழுங்கா சாப்பிடாம வேலைக்குப் போனா அப்படித்தான்" என்றார். நான் உனக்காகக் கடையில் ஒரு தட்டு ரொசாக் வாங்கி வந்து படத்துக்கு முன் வைத்தேன். எனக்கென்ன தெரியும்?

பிறகு இருமல் வந்தது. இரண்டு வாரமாக விடவில்லை. ரவி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நான் இருமுவதைக் கேட்டுவிட்டு, நேராகப் போய் மெஷின் தொட்டியைத் திறந்தான். உள்ளே அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக வழவழவென்று படிந்திருந்தது. வேலை மும்முரத்தில் மூன்று வாரமாக நான் அதைக் கழுவவே இல்லை.

"இதத்தான்கா தெனமும் மூச்சுல இழுக்கிறீங்க. முரளி இருந்தா என்னைய வெட்டிருப்பான்" என்றான். வினிகர் ஊற்றி ஊறவைத்து, தேய்த்து, நான்கு முறை அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தான். வாரம் ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் மெஷினே வைக்காதீர்கள் என்றான். அப்புறம் லோரியிலிருந்து ஒரு சுருள் தெளிந்த பிளாஸ்டிக் எடுத்து வந்தான்.

"முழு ரூமையும் ஏன்கா நனைக்கிறீங்க? நீங்க ஈரத்த ஊத்துறீங்க, ஏர்கோன் அத இழுத்து வெளிய விடுது. செடி இருக்கிற மூலைய மட்டும் மூடுங்க. குளிரு உள்ள போக மேலயும் கீழயும் இடம் விட்டா போதும்."

கொசுவலை கட்டுகிற மாதிரி அலமாரியைச் சுற்றிக் கட்டினோம். உள்ளே எண்பது, வெளியே ஐம்பது. ஒரு தொட்டித் தண்ணீர் இரண்டு நாளைக்கு வந்தது. உன் அறைச் சுவரில் படரத் தொடங்கியிருந்த பூஞ்சையும் நின்றது. உன் செடிக் குழுவுக்கு நான் சொல்கிற ஒரே புத்திமதி இதுதான். அறைக்கு மெஷின் வாங்காதீர்கள், செடி இருக்கிற மூலைக்கு வாங்குங்கள்.

ரவி போன பிறகுதான் யோசித்தேன். திரைக்கு வெளியே காற்று மறுபடி காய்ந்திருக்கிறது. விளக்கும் கிளாஸும் வெளியேதான் இருக்கின்றன. இனி தண்ணீர் தானாகவே ஒரு நூல் இறங்கும். செடியும் பிழைக்கும், அம்மாவுக்கு நீயும் வருவாய். நான் திருட்டுத்தனமாகக் குடிக்க வேண்டியதில்லை. நிம்மதியாக இருந்தது. கூடவே ஏன் அப்படி வெறுமையாக இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு மிடறு நேரம்தான் நாள் முழுவதிலும் நான் உன்னோடு இருந்த நேரம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பழக்க தோஷத்தில் விழிப்பு வந்துவிட்டது. எழுந்ததும் செய்கிற மாதிரி உதட்டில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டேன். நாள் முழுக்கக் கிளினிக் ஏர்கோனில் இருந்து என் உதடு வெடிக்கும், அந்த எண்ணெயைப் பார்த்து 'மீன் பொரிக்கலாம்' என்பாயே, அதேதான். குடிக்க வேண்டாம், தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று போனேன்.

கிளாஸ் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. தொட்டேன், சுட்டது. தட்டை எடுத்தால் சுக்கும் மிளகும் பனங்கற்கண்டும் மணந்தன. உன் சிவப்புக் கோடு வரைக்கும் கஷாயம்.

"குடி. ஆறிடும்" என்று பின்னாலிருந்து அம்மா குரல்.

நான் திரும்பவில்லை. கையில் கிளாஸோடு மாட்டிக்கொண்டேன், எங்கே திரும்புவது?

"முரளி எப்படித் தண்ணி குடிப்பான்?" என்று கேட்டார்.

"அண்ணாந்து" என்றேன். நீ கிளாஸை உயரத் தூக்கி, வாயில் ஊற்றி, களக் களக் என்று விழுங்குவாய். எங்கும் சிந்தாது.

"ஒரு நாளும் கிளாஸ்ல வாய் வெச்சு எச்சில் பண்ணதில்ல எம்புள்ள. அஞ்சு மாசமா இந்தக் கிளாஸ் விளிம்புல எண்ணெய் தடம். யாரு உதட்டு எண்ணெய்னு எனக்குத் தெரியாதா?"

"எப்பலேருந்து தெரியும்மா?"

"மொத நாளே."

"அப்புறம் ஏம்மா தெனமும் வெச்சீங்க?"

அம்மா பிளாஸ்டிக் திரையை விலக்கி, தொப்பையனைக் குனிந்து பார்த்தார். முந்தின நாள்தான் அதன் புதுக் குடுவை மூடி திறந்திருந்தது. "உள்ள தண்ணி இருக்கே, நீ ஊத்துனியா?" என்றார். இல்லம்மா, திறக்கிறதுக்கு முன்னாடியே அதுவா ஊற வெச்சுக்கும் என்றேன். "ம்" என்றார். திரையை ஒழுங்காகச் சாத்தினார். பிறகுதான் சொன்னார்.

"அவன் போனதுலேருந்து இந்த வீட்டுல நீ ஒழுங்கா ஒரு வாய் தண்ணி குடிச்சு நான் பாத்ததில்ல. வேலைக்கு ஓடுற, வர்ற, அந்தச் செடியோட மல்லு கட்டுற. கூப்பிட்டாலும் காதுல வாங்குறதில்ல. அவன் இனி வர மாட்டான்னு எனக்குத் தெரியும்டி. நீ வருவேன்னுதான் வெச்சேன்."

நான் அழுதேன் முரளி. அம்மாவும் அழுதார். பிறகு, "கஷாயம் ஆறுது" என்று என்னைத் திட்டினார். குடித்தேன். வாய் வைத்துத்தான் குடித்தேன்.

அதற்கு முன்னால், ஹியூமிடிஃபையர் இல்லாத நாள்களில் தினமும் இறங்கிய அந்த ஒரு நூல் தண்ணீரைப் பற்றி நான் அம்மாவிடம் பேசவில்லை. மீட்டர் கதையையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் சொல்லேன், ஒரு நாளாவது வந்தாயா?

உன் வீட்டுச் செய்தி இதுதான். நான்கு பேரும் நலம். தொப்பையனுக்கு இரண்டு குடுவை, மூன்றாவது அவரை விதை அளவில் இருக்கிறது. திதிக்கு வரும் சித்தியிடம் பன்னீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடச் சொல்லி ரவியை நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கும் ஏர்கோன் பதினெட்டில்தான் இருக்கும். யார் குளிருகிறது என்றாலும் போர்வை தருவேன், ரிமோட்டைத் தர மாட்டேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொட்டியைக் கழுவுவேன், கை முழுக்க விட்டுத் தேய்த்து. ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு உன் அறைக்கு வருவேன். இனி ஒளிந்து வர வேண்டியதில்லை. அம்மா இப்போது சாயங்காலம் இரண்டு கிளாஸ் வைக்கிறார், உன் சிவப்புக் கோடு போட்டது ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. எது யாருடையது என்று அவர் சொல்லவில்லை. உன்னுடையதைத்தான் நான் குடிப்பேன். அண்ணாந்து குடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் பாதி சட்டையில்தான் ஊற்றிக்கொண்டேன்.

ரிமோட்டைத் தொடாத,
உன் அக்கா சரசு